மதம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவீர்கள்?

18 ஜூன் 2025, கேள்வி

"2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அரசிதழில் அறிவிப்பு வந்துவிட்டது. வாசலில் நின்று மதம் என்ன என்று கேட்பார்கள். பிறந்த மதமா, சான்றிதழில் உள்ளதா, மனசில் உள்ளதா, எதைச் சொல்வீர்கள்? ஒரே சொல்லில் சொல்லத் தெரியாதவர் குழம்பிப்போனவர் என்பது என் கட்சி. கொடைக்கானல் பக்கத்துக்காரர்கள் பதில் எழுதவும்."

18 ஜூன், இரவு

உங்கள் கட்சி தோற்ற கட்சி. 2011 பிப்ரவரியில் கணக்கெடுக்கப் போன டீச்சராக இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். படிவத்தில் ஏழாவது கேள்வி அது. இந்து 1, முஸ்லிம் 2, கிறிஸ்தவர் 3, சீக்கியர் 4, பௌத்தர் 5, ஜைனர் 6. வேறு ஏதாவது என்றால் எண் போடாமல் முழுப் பெயரையும் எழுத வேண்டும். நீங்கள் ஒரு சொல் கேட்கிறீர்கள், அங்கே அதுகூடக் கிடையாது. சட்டென்று எண்ணைச் சொன்னவரெல்லாம் தெளிவானவர் என்று நினைத்தால், எங்கள் மலையில் ஒரு வீட்டுத் திண்ணையிலும் நீங்கள் உட்கார்ந்து காபி குடித்ததில்லை என்று அர்த்தம்.

மீதி நாளைக்கு. கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கிறது.

19 ஜூன்

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்க்கிறவள் என்று ஆகிவிடும்.

பிறந்தது பூம்பாறை. அப்பாவுக்குப் பூண்டும் உருளைக்கிழங்கும் விவசாயம். குழந்தை வேலப்பர் கோயில் மணிச் சத்தம் கேட்டு எழுந்து வளர்ந்தவள். 1986இல் கல்யாணம். அவர் வீடு கொடைக்கானல், ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கக் குடும்பம். கல்யாணத்துக்கு முன்பு உபதேசியாரிடம் இரண்டு மாதம் ஜெபம் படித்தேன். தலையில் தண்ணீர் ஊற்றினார்கள், புதுப் பெயர் வைத்தார்கள். சம்பளப் பட்டியலில் பழைய பெயர், பங்குக் கோயில் பதிவேட்டில் புதுப் பெயர். அந்தப் புதுப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்ட ஒரே ஆள் என் மாமியார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன். தவக்காலத்தில் கறி சாப்பிட மாட்டேன். வருஷத்துக்கு ஒரு தடவை பூம்பாறைத் தேருக்கும் போவேன். தேருக்கு என்று ஒரு நாளும் சொன்னதில்லை, அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்பேன். 20 கிலோமீட்டருக்குள்தான், காலையில் பஸ் ஏறினால் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். மாமியாரும் குடைந்து கேட்டதில்லை. கிளம்புகிற நேரத்தில் "பூ வாங்கிக்கோ" என்று ஐந்து ரூபாயைக் கையில் திணிப்பார். அப்புறம் அது பத்தானது, கடைசிக் காலத்தில் ஐம்பது. நான் பஸ் ஸ்டாண்டில் கதம்பம் வாங்கித் தலை நிறைய வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவேன்.

இப்போது எனக்கு எண் போடுங்கள் பார்க்கலாம்.

19 ஜூன், மறுபடி

"அப்படியானால் ஏமாற்றினீர்கள்" என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். யாரை ஐயா? வேலப்பருக்கும் தெரியும், மாதாவுக்கும் தெரியும். தெரியாதது மாமியார் ஒருவருக்குத்தான்.

22 ஜூன்

பூம்பாறையைப் பற்றிக் கேட்டவருக்கு. மூலவர் நவபாஷாணம், போகர் செய்தது என்பது ஊர் நம்பிக்கை, பழனியில் சொல்வதுபோலவே. பெயருக்கும் ஒரு கதை உண்டு. அருணகிரிநாதர் இங்கே இரவு தங்கியபோது ஒரு ராட்சசி கொல்ல வந்தாளாம். முருகன் கைக்குழந்தையாக அவர் பக்கத்தில் வந்து இருந்தாராம். தாயும் பிள்ளையும் படுத்திருக்கிறார்கள் என்று நினைத்து அவள் விலகிப் போய்விட்டாளாம். அதனால் குழந்தை வேலப்பர். கைக்குழந்தைக்காரி என்றால் ராட்சசியும் விட்டுவிடுவாள் என்பதுதான் சின்ன வயதில் எனக்குப் பிடித்த இடம்.

தேருக்கு முன்னாலும் வடம், பின்னாலும் வடம். ஊர் முழுக்கச் சரிவு. பின்னால் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் தேர் பாட்டுக்கு இறங்கிவிடும். "உங்களைப் போலவே இரண்டு பக்கமும் இழுபடுகிறது" என்று யாரும் எழுதிவிடாதீர்கள், என் தம்பி அதை 30 வருஷமாகச் சொல்லிச் சலித்துவிட்டான்.

27 ஜூன்

கணக்கெடுப்பில் என்னதான் நடக்கும் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள்.

பயிற்சியில் எங்களுக்குச் சொன்னது இவ்வளவு. அவர் சொல்வதை அப்படியே எழுது. பெயரைப் பார்த்து நீயாக முடிவு பண்ணாதே. சாமி படத்தைப் பார்த்தும் முடிவு பண்ணாதே. மதம் இல்லை என்று ஒருவர் சொன்னால் அப்படியே குறித்துக்கொள், ஆனால் நீயாக அப்படி நினைத்துக்கொள்ளாதே. ஒரே வீட்டில் ஆளுக்கொரு மதம் இருக்கலாம், தனித்தனியாகக் கேள்.

கடைசி விதி காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. நடந்ததோ வேறு. குடும்பத் தலைவர் முண்டாசை அவிழ்க்காமலேயே "எல்லாருக்கும் ஒண்ணு போட்டுருங்க டீச்சர்" என்பார். உள்ளே அடுப்படியில் மருமகள் நிற்பாள். அவளையும் கேட்க வேண்டும் என்றால், "அவளுக்கு என்ன தனியா?" என்பார். காலை ஏழு மணிப் பனி, கையில் இன்னும் 40 வீடு. எத்தனை மருமகள்களை நான் உள்ளே போய்க் கேட்டேன்? நேர்மையாகச் சொன்னால், முதல் இரண்டு நாள் கேட்டேன்.

பாட்டிகள்தான் சுவாரசியம். "வேதம்" என்பார்கள். எங்கள் பக்கம் பழைய ஆட்களுக்குக் கிறிஸ்தவர் என்றால் வேதக்காரர்தான். 3 போடுவேன். "மதம் என்ன பாட்டி?" என்று கேட்டால், "ஏன், மாத்தச் சொல்லுவியா?" என்று திருப்பிக் கேட்டவர்களும் உண்டு. எதைச் சொன்னால் ரேஷன் கார்டுக்கு நல்லது என்று கேட்டவர்களும் உண்டு.

பெரிய சண்டை வந்தது ஆர்.சி.க்கும் புராட்டஸ்டன்ட் சபையான சி.எஸ்.ஐ.க்கும் ஒரே எண் என்பதில். "அவங்களும் மூணு, நாங்களும் மூணா? சரியா பாத்துச் சொல்லுங்க" என்று படிவத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார்கள். இந்த ஊருக்கு 1845இலேயே பங்களா கட்டிக்கொண்டு வந்தது அமெரிக்க மதுரை மிஷன், அது சி.எஸ்.ஐ. பக்கம். ஆர்.சி. பக்கத்துச் சலேத் மாதா கோயில் 1866. யார் முதலில் என்ற கணக்கு இன்னும் தீரவில்லை, நான் போய் ஒரே எண்ணைக் காட்டினால்?

28 ஜூன்

நேற்றைய குறிப்பில் கடைசிப் பத்தியை எடுத்துவிட்டேன். இந்த மலைப் பழங்குடியான பளியர்களின் குடியிருப்பு ஒன்றில் கேட்ட பதிலை எழுதியிருந்தேன். எழுதும்போது பெருமையாக இருந்தது. படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. 1948ஆம் வருஷச் சட்டப்படி அந்தப் படிவத்தில் உள்ளதை யாரும் பார்க்க முடியாது, நீதிமன்றத்தில் சாட்சியமாகக்கூட வைக்க முடியாது. அதை நம்பித்தான் வீட்டுக்கு வீடு வாயைத் திறந்தார்கள். 14 வருஷம் கழித்து நான் திண்ணைக் கதையாக ஆக்கக் கூடாது. படித்தவர்கள் மறந்துவிடுங்கள்.

அதற்குப் பதிலாகப் பொதுவாக ஒன்று. 2011இல் ஆறு மதத்துக்கும் வெளியே தங்கள் சமயத்தின் பெயரைச் சொன்னவர்கள் இந்தியா முழுக்க 79 லட்சம். அதில் 49 லட்சத்துக்கு மேல் சர்னா, ஜார்க்கண்ட் பக்கத்து ஆதிவாசிகள். சொன்னால் எழுதுவார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, சொன்னார்கள். எங்கள் பயிற்சியில் "பளிச்சியம்மாவைக் கும்பிடுகிறவர் எந்த மதம்?" என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவள் நான்தான், அந்த வாத்தியார்களில் மலையில் பிறந்தவர்கள் கொஞ்சப் பேர்.

5 ஜூலை

"வீட்டில் சிலுவை, வாயில் இந்து, இது பொய்யில்லையா?" என்று கொஞ்சம் காரமாகவே கேட்டிருக்கிறார் ஒருவர்.

ஏழாவது கேள்விக்குப் பக்கத்திலேயே எட்டாவது கேள்வி இருக்கிறது, பட்டியல் சாதியா, பழங்குடியா என்று. 1950ஆம் வருஷ ஆணைப்படி பட்டியல் சாதி என்றால் இந்துவாக இருக்க வேண்டும். 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இல்லை. நம் மாநிலத்தில் ஞானஸ்நானம் வாங்கினால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார்கள். தெருவும் அதே தெரு, சுடுகாட்டுக்குப் பதில் கல்லறை, அதிலும் தனி வரிசை, சான்றிதழ் மட்டும் வேறு. பழங்குடிக்கு இந்தச் சிக்கல் கிடையாது, எந்த மதமானாலும் பழங்குடிதான். ஆக ஏழில் 3 போட்டால் எட்டில் ஒரு கட்டம் மூடிக்கொள்ளும். மகன் கல்லூரி விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது எந்தக் கதவை மூடுவீர்கள்?

பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரி என்று சொல்லவும் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் அதைச் சொல்கிறவர்கள் முகத்தில் ஒரு நிமிஷம் வந்து போவதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீடு வேறு பட்டியல். தண்ணீர் ஊற்றியதால் எனக்கு எதுவும் குறையவில்லை. அதனால் நான் இதில் நியாயம் பேசுவது சுலபம், அதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

5 ஜூலை, இன்னொன்று

மதமே இல்லை என்பவர் கேட்டதற்கு. தாராளமாகச் சொல்லலாம். 2011இல் மதம் குறிப்பிடாதவர்கள் 28 லட்சத்துக்கும் மேல். பள்ளியில் சாதி, மதம் கட்டத்தைக் காலியாக விடலாம் என்று தமிழ்நாட்டில் 1973இலேயே அரசாணை இருக்கிறது. தலைமை ஆசிரியர்களுக்கே அது தெரியாது. எனக்கும் பணியில் சேர்ந்து பல வருஷம் தெரியாது. 2019இல் திருப்பத்தூர் வழக்கறிஞர் ஒருவர் சாதி, மதம் அற்றவர் என்று சான்றிதழே வாங்கினார்.

6 ஜூலை

சிரிக்க ஒன்று. பழைய சி.எஸ்.ஐ. குடும்பங்களில் போதகரை ஐயர் என்பார்கள். கீழ்நாட்டிலிருந்து புதிதாக வந்த ஒரு வாத்தியார், "ஐயர் வந்து ஜெபம் பண்ணிட்டுப் போனார்" என்று ஒருவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, இவர்கள் என்ன மதம் என்று என்னிடம் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். எங்கள் ஆர்.சி. ஆட்கள் மட்டும் சளைத்தவர்களா? கோயில், பூசை, கொடியேற்றம், சப்பரம், தேர், சாமியார். காதில் மட்டும் விழுந்தால் பூம்பாறைக்கும் சலேத்துக்கும் வித்தியாசம் தெரியாது. கல்யாணமான புதிதில் எனக்கு அது பெரிய சௌகரியம்.

13 ஜூலை

"மாறுவது எப்போதும் ஒரே திசையில்தான்" என்று எழுதியவர் கொடைக்கானல் வந்தால் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போய்வரட்டும். 1936இல் கட்டியது ஒரு வெள்ளைக்கார அம்மா. ஐரோப்பாவில் பிறந்து, இந்துவாக மாறி, லீலாவதி என்று பெயர் வைத்துக்கொண்டு, இலங்கையின் பொன்னம்பலம் ராமநாதனைக் கல்யாணம் செய்துகொண்டவர். ராமநாதன் 1930இல் இறந்த பிறகு கட்டிய கோயில். இன்று பழனி தேவஸ்தானத்தின் கையில் இருக்கிறது. வானம் தெளிந்திருந்தால் அங்கிருந்து பழனியும் தெரியும், வைகை அணையும் தெரியும். சுற்றி குறிஞ்சிச் செடி, 12 வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும், கடைசியாக 2018.

இதில் எனக்குப் பிடித்தது கோயில் இல்லை, அதற்கு முந்தைய கதை. கல்யாணத்துக்கு முன்பு அந்த அம்மாவின் பெயர் ஹாரிசன். சைவரான ராமநாதன் அவருக்குச் சொல்லிக்கொடுத்தது தேவாரம் இல்லை, மத்தேயு நற்செய்தி! அவர் சொன்ன விளக்கத்தை அந்த அம்மா எழுதி, 1898இல் லண்டனில் புத்தகமாக வந்தது. ஒரு சைவர் பைபிள் சொல்லிக்கொடுக்க, கேட்ட கிறிஸ்தவப் பெண் முருகனுக்குக் கோயில் கட்டுகிறார். உபதேசியார் வீட்டில் இரண்டு மாதம் உட்கார்ந்துவிட்டுத் தேருக்குப் போனவள் நான். அந்த அம்மாவைக் கண்டால் கையைப் பிடித்துக்கொள்வேன்.

14 ஜூலை

திருத்தம். லீலாவதி அம்மா பிறந்தது ஆஸ்திரேலியாவில். இங்கே எல்லாரும் ஐரோப்பியப் பெண் என்றே சொல்லிப் பழகியதில் நானும் அப்படியே எழுதிவிட்டேன். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி சொல்லலாம்தான், ஆனால் "டீச்சருக்கே தெரியவில்லை" என்று சேர்த்ததால் சொல்ல மாட்டேன்.

பெருமாள்மலையில் உள்ள ஜென் தியான மையம், போதி ஜென்டோவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1996இல் தொடங்கியது. நடத்த ஆரம்பித்தவர் ஆமா சாமி, சேசு சபைக் குருவானவர், ஜப்பானிய குருவிடம் பயின்று ஜென் ஆசானும் ஆனவர். 3ஆ, 5ஆ? அது என் வட்டாரமில்லை, தப்பித்தேன்.

30 ஜூலை

எல்லாவற்றையும் சொல்கிறீர்கள், உங்கள் நம்பிக்கை என்ன என்று சொல்லவில்லையே என்கிறார் ஒருவர். சரி.

சலேத் மாதாவை நான் நம்ப ஆரம்பித்தது உருளைக்கிழங்கால். சிரிக்காதீர்கள். 1846 செப்டம்பரில் பிரான்ஸில் லா சலேத் மலையில் மாடு மேய்த்த இரண்டு பிள்ளைகளுக்கு மாதா அழுதபடி காட்சி கொடுத்தார் என்பது வரலாறு. பேச்சு நடுவில், உருளைக்கிழங்கு அழுகிப்போனதைச் சொல்கிறார். அவர் பிரெஞ்சில் சொன்ன சொல் அந்தப் பெண்பிள்ளைக்குப் புரியவில்லை. உடனே அவர்கள் ஊர்ப் பேச்சுக்கு மாறிச் சொல்கிறார். என் மாமியார் இதைச் சொன்ன ராத்திரி எனக்கு நினைவிருக்கிறது. அந்த வருஷம் பூம்பாறையில் அப்பாவின் கிழங்கு பாதி கருகல் நோயில் போயிருந்தது. கிழங்கு அழுகியதற்காக அழுகிற சாமி, அதுவும் புரியவில்லை என்றால் நம் பாஷையில் சொல்கிற சாமி. அதற்குமேல் உபதேசியார் பாடம் எதற்கு? அந்த ராத்திரி நடிப்பு பாதி போய்விட்டது.

ஆனால் 1991 மழைக்காலம். பெரியவனுக்கு மூன்று வயது, காய்ச்சலில் கண் சொருகிவிட்டது. நடுராத்திரி ஜீப்பில் வத்தலக்குண்டுக்கு இறங்குகிறோம். டம்டம் பாறை தாண்டி மண் சரிந்து கிடந்தது, ஒரு மணி நேரம் நின்றோம். பிள்ளை என் மடியில். கையில் ஜெபமாலை இருந்தது, மணியும் உருண்டது. வாயில் வந்தது "முருகா" மட்டும்தான். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்திலும் மழையிலும் அவர் காதில் விழுந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். விடிந்ததும் காய்ச்சல் இறங்கியது. மாதாவுக்கு மெழுகுவத்தி, வேலப்பருக்குப் பிள்ளைக்கு மொட்டை. மொட்டையை எப்படிச் சமாளித்தேன்? பேன் என்று சொன்னேன்.

யார் காப்பாற்றினார் என்று கேட்டால் தெரியாது. இரண்டு பேருக்கும் கடன் பட்டிருக்கிறேன் என்பதுதான் என் நம்பிக்கை. இதற்கு மதம் என்று பெயரா என்று தெரியவில்லை, எங்கள் ஊரில் கணக்கு வழக்கு என்போம்.

16 ஆகஸ்ட்

நேற்றோடு திருவிழா முடிந்தது. சலேத்தின் நாள் செப்டம்பர்தான், இங்கே விண்ணேற்புத் திருநாளோடு சேர்த்து ஆகஸ்ட் 14, 15. சப்பரம் வரும் வழியெல்லாம் உப்பும் மிளகும் போடுவார்கள். போடுகிறவர்களில் எத்தனை பேருக்குக் கோயில் பதிவேட்டில் பெயர் இருக்கும்? பக்கத்தில் நின்றவர் நெற்றியில் விபூதி, கையில் மிளகுப் பொட்டலம்.

திரும்பி நடக்கும்போது இந்த இழையைப் பற்றி என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். இவ்வளவு நாள் சொல்லவில்லை. 2011இல் எனக்கு என்ன எண் போட்டார்கள் என்பதே எனக்குத் தெரியாது, நான் வேறு தெருவில் எண் போட்டுக்கொண்டிருந்தேன், நம் வீட்டுக்கு வேறு பள்ளிக்கூடத்து டீச்சர் வந்தார் என்றேன். அவர் நின்றுவிட்டார். "எனக்குத் தெரியும். நான் வீட்டிலதான இருந்தேன்."

எல்லாருக்கும் மூணு என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தாராம். என் பெயர் வந்ததும் மாமியார் உள்ளிருந்து வந்து, "அவளுக்கு ஒண்ணு போடுங்க டீச்சர்" என்றாராம்.

"என்னம்மா, தண்ணி ஊத்தியாச்சே."

"ஊத்துனா? வருஷா வருஷம் தேருக்குப் போறாள்ல. சாமிக்குப் பூ வாங்க நான்தான காசு குடுக்கிறேன்."

அந்த டீச்சர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு 1 போட்டாராம். இதை ஏன் என்னிடம் 14 வருஷமாகச் சொல்லவில்லை என்று கேட்டேன். "அம்மா சொல்லாதேன்னுச்சு" என்றார்.

மாமியார் 2014இல் போய்விட்டார்.

17 ஆகஸ்ட்

19 ஜூன் குறிப்புக்குத் திருத்தம். தெரியாதது மாமியாருக்கு இல்லை, எனக்கு. 25 வருஷப் பூவையும் நான் என் தலையில் வைத்துக்கொண்டேன்.

பூம்பாறைத் தேர் அடுத்த தையிலா மாசியிலா, தேதி தெரிந்தவர்கள் எழுதுங்கள். இந்தத் தடவை அவரும் வருகிறேன் என்கிறார்.